சக்கரத்தைத் தேடிய கை

என் கால்களைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு விதமான அபிப்பிராயம் இருந்தது. அவை எனக்குச் சொந்தம், எங்கே வைத்தாலும் அங்கே இருக்கும் என்பது என்னுடையது. அவை தையல் மெஷினுக்குச் சொந்தம், ராத்திரி மட்டும் வீட்டுக்கு வந்து போகின்றன என்பது என் மனைவியுடையது. தூக்கத்தில் நான் மிதிப்பேனாம். மிதித்து மிதித்துப் போர்வையைச் சுவர் வரைக்கும் தள்ளிவிடுவேனாம். பக்ரீதும் தீபாவளியும் அடுத்தடுத்து வந்த வருஷங்களில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரையில் போய்ப் படுத்ததும் உண்டு.

அது எண்பதுகளின் தொடக்கம். பெல்பாட்டம் ஒழிந்து, எல்லோரும் சஃபாரி தைக்கச் சொல்லி உயிரை எடுத்த காலம். செஞ்சிக் கடைவீதியில் ஒரு மெஷினும் ஒரு வெட்டு மேஜையும் போட்டால் மூச்சு முட்டுகிற கடை எனக்கு. காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் வீட்டில் மனைவியின் வேலை. தொழில் நன்றாகவே நடந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊரில் யாருக்கு எவ்வளவு தொப்பை என்பது அவரவர் மனைவிக்குத் தெரியும், அடுத்தபடியாக எனக்குத் தெரியும்.

ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோனது ஒரு பக்கம். மனிதர்களோடு சண்டை போட்டுப் போட்டு வாய் கெட்டுப்போனது இன்னொரு பக்கம். ஒரு தீபாவளிக்கு முன்தினம், கடை நிறைய ஆள் நிற்கும்போது, ஒருவர் பேண்டைச் சுருட்டி என் முகத்தில் எறிந்தார். இடுப்பு பிடிக்கிறதாம். அளவு கொடுத்த அன்றைக்கு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்ற ஆள் அவர். பண்டிகைக்கும் அப்படியே மூச்சு விடாமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். கைகலப்பு ஆகிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் விலக்கிவிட்டார்கள். அன்றைக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்து, இனி இந்தப் பிழைப்பு வேண்டாம் என்று உறுதியாக நினைத்தேன்.

வேறு பிழைப்புக்கு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் மனைவியின் அண்ணன், மச்சான், எண்ணெய் மில்லில் லாரி டிரைவர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு வருவார், எண்ணெய் டின் ஏற்றிக்கொண்டு போவார். சேலம் வரைக்கும், சில சமயம் பெங்களூர் வரைக்கும். வீட்டுக்கு வரும்போது தலையெல்லாம் புழுதியாக இருக்கும், முகத்தில் ஒரு கவலை இருக்காது. அவரிடம் யாரும் அரை இஞ்ச் குறைகிறது என்று சண்டைக்கு வருவதில்லை. நான் விழுப்புரம் தாண்டிப் போனது மூன்று தடவையோ நான்கு தடவையோ. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும், அதை மறைக்கவும் மாட்டேன்.

கடைக்கு லீவான வெள்ளிக்கிழமைகளில், தண்ணீர் வற்றிய ஏரியில் வைத்து மச்சான் எனக்கு லாரி பழக்கினார். அப்புறம் ரோட்டில். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. விழுப்புரம் போய் லாரி ஓட்டுகிற லைசென்ஸும் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. மில் முதலாளியோ, உன் இடத்துக்கு ஒரு ஆளை விட்டுவிட்டுப் போ என்று ஒற்றைக்காலில் நின்றார். மச்சான் என் பேரைச் சொன்னார். முதலாளி யோசித்து ஒரு ஏற்பாடு சொன்னார். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு லோடு மல்லாட்டையை நான் ஓட்டி வர வேண்டும். மச்சான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வர வேண்டும். அவர் சரி என்று சொன்னால் திங்கள்கிழமை முதல் லாரி என்னுடையது. கடையைக் காலி செய்கிறேன் என்று கட்டிடக்காரரிடம் நான் முந்திக்கொண்டு சொல்லியும் வைத்தேன்.

புறப்பட்ட காலையில் என் மனைவி ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே, "ஒங்க காலு இன்னும் மெஷின்லதான் இருக்குது. அத மொதல்ல வூட்டுக்கு வரச்சொல்லுங்க, அப்புறம் லாரில ஏறலாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறவனிடம் பேசுகிற பேச்சா என்று கத்தினேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. காலி வண்டி, காலை வெயில், ரோட்டில் கூட்டமில்லை. கியர் மாற்றும்போது சத்தமே வரவில்லை. மச்சான் சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நடுவில் கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தார். என்னை நம்பித் தூங்குகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. என் மனைவி இதைப் பார்க்கவில்லையே என்றும் இருந்தது.

லோடு ஏற்றித் திரும்பும்போது அது வேறு வண்டி. பிரேக்கை மிதித்தால் உடனே கேட்பதில்லை, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்த்தான் அடங்குகிறது. வளைவில் திருப்பினால் மேலே மூட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்வது முதுகுத்தண்டில் தெரிகிறது. பழகிக்கொண்டிருந்த நாட்களிலும் லோடோடு ஓட்டியிருக்கிறேன், ஆனால் அப்போது மச்சானின் கை ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். இப்போது கட்டிய கை கட்டியபடி இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாதி வழியில் ஒரு பஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. விடாமல் ஹாரன். முன்னால் விடலாம் என்றால் வழி ஒதுக்க இடமில்லை, இரண்டு பக்கமும் புளியமரம். ஒவ்வொரு ஹாரனுக்கும் என் தோள் தூக்கிப்போட்டது. மச்சான் ஏதாவது பேசமாட்டாரா என்று இருந்தது எனக்கு.

செஞ்சிக்குள் நுழைவதற்கு முன்னால் ரோடு கோட்டைச் சுவரை வெட்டிக்கொண்டு போகும். இடமும் வலமும் பாறையும் சுவரும், அதற்கு நடுவில் ரோடு வளையும். அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கிட்டே போனால்தான் தெரியும். அன்றைக்கு இடது ஓரத்தில் ரோடு வேலைக்காக ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். வளைவில் திரும்பினேன். முன்னால் ஒரு சைக்கிள். பின்னால் பெரிய புல்லுக்கட்டு, அதற்கு முன்னால் ஒரு ஆளின் தலை மட்டும் தெரிந்தது. அதே நேரம் பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டு என்னைத் தாண்ட வலப்பக்கம் ஒதுங்கியது. ஹாரன் சத்தத்தில் மிரண்ட சைக்கிள் ஆடி ஆடி நடு ரோட்டுக்கு வந்தது.

நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்தவும் செய்தேன். பதினைந்து வருஷமாக எதை எப்படி நிறுத்தினேனோ அப்படி நிறுத்தினேன். தையல் மெஷினில் நூல் சிக்கினால் டெய்லர் யோசிக்க மாட்டான். வலது கை தானாகப் போய் வலப்பக்கம் சுற்றுகிற சக்கரத்தைப் பிடிக்கும். இரண்டு குதிகாலும் மிதியை அமுக்கும், கால்விரல்கள் மேலே எழும்பும். இடது கை துணியை அப்படியே அழுத்திக்கொள்ளும். மெஷின் அந்த இடத்திலேயே நிற்கும். அன்றைக்கு என் வலது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இல்லாத சக்கரத்தைத் தேடி, ஜன்னலுக்கு வெளியே நீட்டமாகப் போயிற்று. குதிகால் இரண்டும் லாரித் தரையை அமுக்கின. பிரேக்கின் மேல் என் கால் இல்லவே இல்லை. லாரி போய்க்கொண்டே இருந்தது. ஏன் நிற்கமாட்டேன் என்கிறது என்று ஆச்சரியப்பட்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

மச்சான் கட்டிய கையை அவிழ்த்து, குறுக்கே பாய்ந்து, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். லாரி ஜல்லிக் குவியலில் ஏறி, ஒரு உலுக்கு உலுக்கி, மூட்டைகள் ஒரு தரம் சாய்ந்து நிமிர்ந்து, என்ஜின் அணைந்து நின்றது. சைக்கிள்காரர் வலது ஓரத்தில் விழுந்து கிடந்தார். அவர் மேல் புல்லுக்கட்டு. பஸ், எனக்குப் பின்னால், அவரை முட்டாமல் நின்றிருந்தது.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். அந்த ஆளைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். புல்லுக்கட்டு அசைந்தது. அவர் எழுந்து நின்று, முழங்கையைத் தடவிக்கொண்டு, சட்டைத் தோள் கிழிந்திருப்பதைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பஸ் டிரைவர் இறங்கி வேகமாக என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை கை காட்டுன. நீ மட்டும் கை நீட்டலன்னா நான் ஏறி வந்திருப்பேன். அந்தாளு இந்நேரம் என் சக்கரத்துக்குக் கீழ இருந்திருப்பாரு" என்றார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் சுற்றி நின்றார்கள். லோடு வண்டியை ஜல்லியில் ஏற்றி நிறுத்துவதற்கு என்ன தைரியம் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். முகத்தைப் பார்த்தால் புது ஆள் மாதிரி இருக்கிறது, கை பழுத்த கை என்றார் இன்னொருவர். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜல்லியிலிருந்து வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மிச்ச தூரத்தை அவரே ஓட்டினார். பஸ் எங்களைத் தாண்டி முன்னால் போயிருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்:

"காலு எங்க வெச்சிருந்த மாப்ள?"

"குதிகால அமுக்குனேன்."

"பிரேக்குலயா?"

"மெஷின்ல."

அவர் மில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீயா எதுவும் பேசாத" என்று மட்டும் சொன்னார்.

பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பஸ் முன்னாலேயே வந்து செய்தியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. முதலாளி வெளியே வந்து என் தோளில் கை போட்டார். வண்டியின் முன்பக்கம் நசுங்கியிருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். திங்கள்கிழமை காலையில் வந்துவிடு என்றார். நான் வாயைத் திறந்தேன். மச்சான் பின்னாலிருந்து என் முதுகில் விரலால் குத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கடைவீதியில் நடந்து வந்தபோது டீக்கடைக்காரர் என்னை டிரைவர் பாய் என்று கூப்பிட்டார். பேண்டை எறிந்தவர்கூட எதிர்ப்பட்டு ஒதுங்கி வழிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. பயமும் இருந்தது, இருந்தும் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் ஒழுங்காகத் தைத்ததற்கு ஒருவனும் தோளில் கை போட்டதில்லை.

வீட்டுக்கும் செய்தி போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். என் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளிடம் மட்டும் என்னால் மறைக்க முடியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன், கையை நீட்டியும் காட்டினேன். அவள் கையைப் பார்க்கவில்லை, கீழே காலைப் பார்த்தாள். நான்தான் காலையிலேயே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் எழுந்து போய்ச் சோறு போட்டாள்.

மறுநாள் மச்சான் வந்தார். ஓட்ட ஓட்ட எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது, தெரிந்த மூன்று பேரும் இந்த வீட்டுக்குள் இருக்கிறோம் என்றார். விசா வந்து கிடக்கிறது, இந்த வாய்ப்பு போனால் இன்னொன்று வராது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்த மனிதர், அதில் ஒருத்தி என் மனைவி. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவள்தான் கதவோரம் நின்றபடி கேட்டாள்.

"இவுரு காலு பழகுற வரைக்கும் ரோட்ல போறவன் இன்னா பண்ணுவான், ண்ணே?"

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. காலுக்கு அடம் என்றால் எனக்கும் அடம். ஸ்டூலில் உட்கார்ந்து, முறத்தை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, கீழே இரண்டு செங்கல்லைக் கிளட்ச், பிரேக் என்று வைத்துக்கொண்டேன். நான் எதிர்பார்க்காத நேரத்தில் நிறுத்து என்று கத்து என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் மாட்டேன் என்றாள், பிறகு சரி என்றாள். அரிசி களைந்துகொண்டே கத்தினாள். குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டே கத்தினாள். ஒவ்வொரு தரமும் கை முறத்தை விட்டு வலப்பக்கம் போயிற்று, குதிகால் தரையை அமுக்கிற்று. யோசித்துக்கொண்டிருந்தால் சரியாகச் செய்தேன். யோசிக்காத நேரத்தில் கத்தினால் மெஷினை நிறுத்தினேன். கடைசியில் குழந்தை அதை விளையாட்டென்று நினைத்து, நிறுத்து நிறுத்து என்று கத்திச் சிரித்தது. நான் முறத்தைத் தூக்கி எறிந்தேன். எனக்கு அழுகை வந்தது, அதைக் காட்டாமல் கடைக்குப் போய்விட்டேன்.

கடையில் கொடுக்க வேண்டிய துணி கொஞ்சம் பாக்கி இருந்தது. திங்கள்கிழமைக்குள் முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று மிதித்துக்கொண்டிருந்தேன். மதியம் ஒரு சைக்கிள் வந்து வாசலில் நின்றது. முழங்கையில் மஞ்சள் பற்று போட்டுக்கொண்டு அந்தப் புல்லுக்கட்டுக்காரர் இறங்கினார். பக்கத்துக் கிராமத்து விவசாயி. இங்கேதான் அந்த டிரைவரின் கடை என்று விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். தோள் கிழிந்த சட்டையைக் கொடுத்துத் தைத்துத் தரச் சொன்னார். சட்டை ஒரு சாக்கு, என் முகத்தைப் பார்க்க வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

கிழிசலுக்கு அடியில் ஒரு துண்டு கொடுத்துத் தைக்க ஆரம்பித்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு மாடு இருக்கிறதாம், கோட்டைப் பக்கம்தான் புல் கிடைக்கிறதாம், அந்த வளைவு வழியாகத்தான் தினமும் போய் வருகிறாராம். லாரி சத்தம் கேட்டாலே இப்போதெல்லாம் கை கால் உதறுகிறது என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

"திங்கக்கெழமலருந்து மில்லு லாரிய நீங்கதான் ஓட்டப்போறீங்கன்னு சொன்னாங்க பாய். அதக் கேட்டப்புறந்தான் எனக்கு நிம்மதியா இருக்குது. நீங்க ஓட்டுனா எனக்குப் பயமில்ல."

என் வலது கை சக்கரத்தைப் பிடித்தது. குதிகால் மிதியை அமுக்கியது. மெஷின் தையலின் நடுவில், ஒரு நூல்கூடத் தாண்டாமல் நின்றது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். அது வேறு ஒருவனுடைய கை மாதிரி அங்கே சாவகாசமாக இருந்தது.

"நான் ஒங்களுக்காகக் கை காட்டலைங்க" என்றேன். "மெஷின நிறுத்தப் போன கை அது. இதோ, இந்தச் சக்கரத்தப் பிடிக்கப் போச்சு. பிரேக்குல என் காலே இல்ல. ஒங்களக் காப்பாத்துனது என் மச்சான்."

அவருக்கு முதலில் புரியவில்லை. ஓட்டிக் காட்டினேன், நிறுத்திக் காட்டினேன். மூன்றாவது தரம் நிறுத்தியபோது அவர் முகம் மாறியது. என் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு வெளியே நிறுத்தியிருந்த தன் சைக்கிளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். மிச்சத்தையும் தைத்து, நூலை வெட்டி, சட்டையை உதறிக் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டு, தோளைத் தூக்கி இறக்கிப் பார்த்தார். தையல் நன்றாக உட்கார்ந்திருந்தது. பட்டனைப் போட்டபடி படி இறங்கினார். சைக்கிளில் ஏறப்போனவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு திரும்பினார்.

"அப்ப நீங்க மெஷினே ஓட்டுங்க பாய்" என்றார்.

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடையைப் பூட்டாமலே மில்லுக்கு நடந்தேன்.